புள்ளித்திட்டத்தில் வடக்கு, முற்றத்தில் தெற்கு

காலை 6.30, வவுனியா.

பயணம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஆசையோடு புறப்படுவார்கள். நான் சண்டைக்குப் புறப்பட்டேன். யாழ்ப்பாணத்துக்கு ரிக்கற் ஐந்நூற்று அறுபது ரூபா, தூரம் நூற்று நாற்பது கிலோமீற்றர், சண்டை இரண்டு புள்ளிக்கு.

ஆடி பிறந்து இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போகிற சனம் பஸ்ஸை நிறைத்திருந்தது. இடப்பக்க யன்னலோரம் ஓர் இருக்கையைப் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோடு என்ன கதைக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு இருந்தேன். இருபத்தொன்பது வருடம் வவுனியாவில் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். கோபத்தைச் சொல்லாய் அடுக்குவதற்கு எனக்கு யாரும் பழக்கத் தேவையில்லை.

நடந்தது இதுதான். பண்டத்தரிப்பில் இருக்கிற என் தம்பியின் மகள் கீர்த்தனா எட்டாம் வகுப்பு. தவணைப் பரீட்சையில் புவியியல் தாளில் ஒரு கேள்வி வந்தது: யாழ்ப்பாணத்தில் நண்பகலில் நிலைக்குத்தாக நாட்டிய கோலின் நிழல் எத்திசையில் விழும்? வகுப்பில் மற்ற முப்பத்துநாலு பேரும் "வடக்கு" என்று எழுதினார்கள். இவள் மட்டும், எல்லா நாளும் ஒரே திசையில் விழாது, ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே விழும், இடையில் இரண்டு நாள் நிழலே இராது என்று எழுதினாள். மாஸ்டர், விடைகள் அச்சடித்த புள்ளித்திட்டத்தைப் பார்த்து, சிவப்புப் பேனையால் குறுக்கே வெட்டி, இரண்டு புள்ளிக்குப் பூச்சியம் போட்டார். பிள்ளை எழுந்து நின்று, "சேர், இப்ப வெளியிலை வந்து பாருங்கோ" என்றிருக்கிறாள். அது வாய்க்காரத்தனமாம். மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டு வராமல் வகுப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதோடு போயிருந்தால் கூட நான் பஸ் ஏறியிருக்க மாட்டேனோ என்னவோ. கொழும்பில் மூன்று நாள் வானியல் முகாம் ஒன்று. பெரிய தொலைகாட்டியால் சனிக்கிரகத்தின் வளையத்தைப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளை, அந்தப் பரீட்சைப் புள்ளிப்படி. கீர்த்தனாவுக்குத் தொண்ணூற்றாறு. அவளுடைய சிநேகிதி தர்சிகாவுக்குத் தொண்ணூற்றேழு. அந்த இரண்டு புள்ளி கிடைத்தால் தொண்ணூற்றெட்டு. பெயரை அனுப்புவதற்குக் கடைசி நேரம் இன்றைக்குப் பகல் ஒன்றரை மணி. ஒரு பிள்ளை வானத்தைச் சரியாகப் பார்த்த குற்றத்துக்காக வானம் பார்க்கிற முகாமுக்குப் போக முடியாது! கேட்ட எனக்கு உச்சந்தலை கொதித்தது.

தொலைபேசியில் அவளே விளக்கினாள். போன வருடம் சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னர், பள்ளிக்கூடச் சுவரின் வடக்குப் பக்கம் சைக்கிளை விட்டால் மத்தியானம் சீற் சுடாதாம். லீவு முடிந்து போனபிறகு அதே இடத்தில் விட, சீற்றில் இருக்க முடியாமல் சுட்டதாம். ஏன் என்று யோசித்து, இந்த வருடம் சித்திரை லீவில் வீட்டு முற்றத்தில் ஒரு தடியை நாட்டி, அன்றிலிருந்து சனி ஞாயிறு உட்பட லீவு நாளெல்லாம் நிழலை அளந்து கொப்பியில் எழுதியிருக்கிறாள். நான் மறுபக்கத்தில் ஒரு கடதாசியில் சரிந்த பூமியைக் கீறிப் பார்த்துவிட்டு, "நீ எழுதினது சரி. நான் வாறன்" என்றேன்.

காலை 8.40, ஆனையிறவு.

இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்து கிடக்கும் இடத்தில் காற்று முகத்தில் அறைந்தது. ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகம். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் இணுவில் கந்தசுவாமி கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் போகிறாள், கிளிநொச்சியில் ஏறியவள். அவள்தான் என் தோளைத் தட்டி, "அக்கா, அங்கை பாருங்கோ, நிலா" என்றாள். தலையைச் சரித்துப் பார்த்தேன். மேற்கு வானத்தில், நீலத்தில் சுண்ணாம்பு தடவினதுபோல் அரைச் சந்திரன் நின்றது. முதல்நாள் அட்டமி.

பகலில் நிலாத் தெரிவது கூடாதோ என்று அவளுக்குப் பயம். தன் மகனின் புத்தகத்தில் பகலுக்குச் சூரியனும் இரவுக்குச் சந்திரனும் படம் போட்டிருக்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படத்தைக் கீறினவர் ஒருநாளாவது காலமை பல்விளக்கும்போது அண்ணாந்து பார்த்திருந்தால் இப்படிக் கீறுவாரோ? மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் சந்திரன் பகலிலும் தெரியும். பார்க்கத்தான் ஆளில்லை.

வெளிச்சமான பாதி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். அவள் வலப்பக்கம் சூரியனையும் இடப்பக்கம் நிலாவையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளிச்சப் பாதி சூரியன் இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தானே கண்டுபிடித்தாள். அவ்வளவுதான் விசயம். சந்திரனுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை, வெயில் பட்ட பாதி மினுங்குகிறது, பூமியைச் சுற்றி வருகிறபடியால் அந்தப் பாதியில் எங்களுக்குத் தெரிகிற அளவு நாளுக்கு நாள் மாறுகிறது. ஒரு நிமிடத்தில் ஒரு பெண் பஸ் யன்னலால் கண்டது. அவளுக்குப் புள்ளித்திட்டம் கொடுக்காதது நல்லதாய்ப் போயிற்று.

காலை 9.55, யாழ்ப்பாணம்.

பளை, கொடிகாமம், சாவகச்சேரி கடந்து பஸ்நிலையத்தில் இறங்கும்போது பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பண்டத்தரிப்பு பஸ் நிரம்பின பிறகுதான் வெளிக்கிடுமாம். எனக்குப் பொறுமை இல்லை. ஓட்டோ பிடித்தேன், பதினைந்து கிலோமீற்றருக்கு ஆயிரத்து எண்ணூறு. இரண்டாயிரம் கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே குறைத்துக்கொண்டார்.

ஓட்டிக்கு ஊர் நீர்வேலி. காலையில் வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து பகலில் ஓட்டோ ஓடுகிறார். மானிப்பாய் தாண்டும்போது அவரிடம் கேட்டுப் பார்த்தேன்: தம்பி, இப்போது மத்தியானத்தில் ஓட்டோவை நிழலுக்கு விடுவதென்றால் கட்டடத்துக்கு எந்தப் பக்கம் விடுவீர்கள்?

"தெற்குப் பக்கம்," என்றார், யோசிக்காமலே. "எங்கடை ஸ்ராண்டிலை ஒரு மேல்மாடிக் கடை கிடக்கு. ஆனி ஆடியிலை அதுக்குத் தெற்கை விட்டா, பன்ரண்டரைக்கு நான் இருக்கிற சீற்றுக்கு மட்டும் நிழல் வரும். மார்கழியிலை வடக்குப் பக்கம் விட்டா முழு ஓட்டோவும் நிழலுக்கை. ஏன் அக்கா, உது தெரியாத ஆக்கள் இருக்கினமோ?"

இருக்கினம் தம்பி, இருக்கினம் என்றேன். அவையள் பரீட்சைத் தாள் திருத்துகினம்.

காலை 11.00, பண்டத்தரிப்பு.

தம்பி வீட்டில் தேத்தண்ணி தயாராய் இருந்தது. மன்னிப்புக் கடிதமும் தயாராய் இருந்தது. தம்பியே எழுதி வைத்திருக்கிறான், மகள் கையெழுத்துப் போட்டால் சரியாம். "அக்கா, ஊரோடை ஒத்துப் போவம். ரெண்டு புள்ளிக்காக மாஸ்டரைப் பகைச்சா வாற வருசமும் பிள்ளை அவரிட்டைத்தான் படிக்கவேணும்" என்றான். தம்பியின் மனைவி, என் மச்சாள், கதவடியில் நின்று அதற்குத் தலையாட்டினாள். அவர்களுடைய பயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் கடிதத்தை வாசித்தேன்: "நான் தவறான விடையை எழுதியதற்கும்..." என்று தொடங்கியது. என்ன கோதாரி இது! நாலாய் மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டு, கொப்பியை எடுத்துக்கொண்டு வா என்று கீர்த்தனாவைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

கொப்பி என் கையில் இருந்தது. ஏப்ரல் பதினான்காம் திகதிக்கு நேரே "நிழல் தடியின் காலடியில், விரல் அளவும் இல்லை" என்று எழுதியிருந்தாள். அதிலிருந்து யூன் இருபத்தொன்று வரை நிழல் தெற்கே நீண்டுகொண்டு போயிருக்கிறது, பிறகு குறையத் தொடங்கியிருக்கிறது. பதினான்கிலிருந்து இருபத்தொன்று வரை அறுபத்தெட்டு நாள். திரும்பிவரவும் அறுபத்தெட்டு நாள்தானே எடுக்கும் என்று கணக்குப் பார்த்து, ஓகஸ்ட் இருபத்தெட்டு என்று தானே கண்டுபிடித்திருக்கிறாள். இதற்குத்தான் பூச்சியம்.

பகல் 11.35, பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடத்தின் பெயரை எழுத மாட்டேன். என் கோபம் ஒரு கட்டடத்தோடு இல்லை.

அதிபர் மரியாதையான அம்மா. இருக்கச் சொன்னார், தண்ணீர் தந்தார். மாஸ்டரும் வந்தார். நாற்பது வயது மதிக்கலாம், களைத்த முகம், பின்னேரங்களில் இரண்டு ரியூற்றறியில் தனி வகுப்பும் எடுக்கிறவராம். கையில் புள்ளித்திட்டம் இருந்தது. கல்வி மேலிடத்திலிருந்து வந்த கடதாசி, எந்தக் கேள்விக்கு எந்த விடை, எத்தனை புள்ளி என்று அச்சடித்தது. பன்னிரண்டாம் கேள்விக்கு நேரே ஒரே ஒரு சொல்: வடக்கு.

நான் பூமியின் சாய்விலிருந்து தொடங்கினேன். பூமி இருபத்து மூன்றரைப் பாகை சரிந்தபடி சூரியனைச் சுற்றுகிறது. அதனால் உச்சி வெயில் யூனில் கடகக்கோட்டுக்குப் போய், டிசம்பரில் மகரக்கோட்டுக்கு இறங்குகிறது. யாழ்ப்பாணம் கடகக்கோட்டுக்குக் கீழே, ஒன்பதரைப் பாகைக்குச் சற்று மேலே கிடக்கிறது. ஆகவே சூரியன் எங்கள் தலையைக் கடந்து வடக்கே போய்த் திரும்புகிற நாலரை மாதமும் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே, நிழல் தெற்கே. ஆண்டு முழுக்க நிழல் வடக்கே விழ வேண்டுமென்றால் கடகக்கோட்டுக்கு அப்பால், குளிர் தேசத்தில் போய்க் குடியிருக்க வேண்டும். அங்கே யாரோ எழுதிய வரியை எங்கள் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாய்ப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மாஸ்டர் மறுக்கவில்லை. தான் கொடுத்த குறிப்பிலும் வடக்கு என்றே இருக்கிறது, தான் படித்த குறிப்பிலும் வடக்கு என்றே இருந்தது என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இவ்வளவு மரியாதையாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. "வெளியிலை வாங்கோ. வேறை ஒண்டும் கேக்கேல்லை" என்றேன். அதிபர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

பகல் 12.00.

எட்டாம் வகுப்பு முழுக்க முற்றத்துக்கு இறங்கிவிட்டது. கரப்பந்து வலை கட்டுகிற கம்பம், எட்டடி உயரம், நேராய் நின்றது. சாரணர் அலுமாரியிலிருந்து ஒரு திசையறி கருவி வந்தது. மாஸ்டர் வெயிலுக்குத் தலைக்கு மேலே புள்ளித்திட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பதோ அழுவதோ தெரியவில்லை.

பன்னிரண்டு மணி அடித்தது. நிழல் தெற்கேதான் விழுந்தது, ஆனால் மேற்குப் பக்கமாய்க் கொஞ்சம் சரிந்து கிடந்தது. மாஸ்டர் குனிந்து பார்த்து, இது தெற்கும் இல்லையே, தென்மேற்கல்லோ என்றார். அவர் குரலில் ஒரு தெம்பு வந்ததைக் கண்டு எனக்கு மறுபடியும் ஏறிவிட்டது. நான் வாய் திறக்க முதல் கீர்த்தனா சொன்னாள்:

"இன்னும் நண்பகல் ஆகேல்லை, சேர். பதினாறு நிமிசம் இருக்கு."

பிள்ளைகள் சிரித்தார்கள். மணி அடித்தாயிற்று, இன்னும் நண்பகல் இல்லையாம்! ஆனால் அவள் சொன்னது உண்மை. எங்கள் மணிக்கூடு இலங்கைக்குக் கிழக்கே கடலுக்கு மேலால் போகிற ஒரு கோட்டுக்கு வைத்தது. அந்தக் கோட்டுக்கு நேரே நின்ற சூரியன் எங்களுக்கு நேரே வரப் பத்து நிமிடம் பிந்தும். அந்தக் கோட்டுக்கும் எங்களுக்கும் இடையிலுள்ள தூரத்துக்குப் பூமி உருள எடுக்கிற பத்து நிமிடம் அது. மற்ற ஆறு நிமிடம், பூமி சரிந்து நிற்பதாலும் சூரியனை ஒரே வேகத்தில் சுற்றாததாலும் வருவது. அந்த ஆறை நானும் அவளிடம்தான் கேட்டு அறிந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

காத்திருந்தோம். ஒரு முகில் வந்து சூரியனை மூடியது. பன்னிரண்டு பதின்மூன்றுக்கு நிழலே இல்லை. அதிபர் போவோமா என்பதுபோல் திரும்பினார். சோளகம் முகிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. பன்னிரண்டு பதினாறுக்குக் கம்பத்தின் நிழல், ஒன்றரை அடி நீளம், திசையறி கருவியின் தெற்கு முள்ளோடு ஒரே கோட்டில் படுத்தது.

மாஸ்டர் நீண்ட நேரம் பார்த்தார். "தெற்குத்தான்," என்றார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். அடுத்த மூச்சில், "ஆனா ரீச்சர், புள்ளித்திட்டத்திலை வடக்கெண்டுதானே கிடக்கு. நான் என்ன செய்யிறது?" என்றார்.

நான் போட்ட சத்தம் முற்றத்துக்கே கேட்டது. சூரியன் எந்தப் பக்கத்தால் போகவேண்டும் என்று மேலிடத்தில் அனுமதி எடுக்க வேண்டுமோ என்று கேட்டேன். கண்ணுக்கு முன்னால் கிடக்கிற நிழலைக் கடதாசியால் மூடப் பார்க்கிறீர்களோ என்று கேட்டேன். பிள்ளைகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதிபர் உள்ளே போய் மேலிடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். திரும்பி வந்து, மாற்ற ஏலாதாம் என்றார். தொலைபேசியில் பேசின அதிகாரி யன்னலால் எட்டிப் பார்க்கவும் இல்லையாம், ஏனென்றால் அவருடைய அறைக்கு யன்னல் இல்லையாம்.

அப்போதுதான் கூட்டத்துக்குள்ளிருந்து இரட்டைப் பின்னல் போட்ட ஒரு மெல்லிய பிள்ளை முன்னுக்கு வந்தது. தர்சிகா. முகாமுக்குப் பெயர் போகவேண்டியவள்.

"சேர், அப்ப நான் எழுதினது பிழை. என்ரை ரெண்டு புள்ளியை வெட்டுங்கோ."

மாஸ்டர் அவளைப் பேசாமல் போய் நிற்கச் சொன்னார். அவள் போகவில்லை. அழுகை முட்டிக்கொண்டு நின்றது, ஆனால் கால் நகரவில்லை. முகாமுக்கென்று புதுச் சப்பாத்து வாங்கி வைத்திருக்கிறாளாம், பிறகு கேள்விப்பட்டேன். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தங்களுடையதையும் வெட்டச் சொன்னார்கள். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு புள்ளி யாருக்குத்தான் கசக்கும்?

மாஸ்டர் விறுவிறென்று ஆசிரியர் அறைக்குள் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். தாள்கட்டோடு திரும்பி வந்தார். கம்பத்தடியில் குந்தி இருந்து, கீர்த்தனாவின் தாளை உருவி, தான் போட்ட பூச்சியத்தை வெட்டி இரண்டு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு பிள்ளைக்குப் போட என்ரை கை போதும், ரீச்சர். முப்பத்திநாலு பேரின்ரையை வெட்டினனெண்டா தாய்தேப்பன்மார் என்னை வெட்டுவினம்."

அதிபர் ஒன்று இருபதுக்குப் பெயரை மாற்றி அனுப்பினார். கீர்த்தனாவிடம் மன்னிப்பு என்று ஒரு சொல் யாரும் சொல்லவில்லை. வகுப்புக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னார்கள், தாங்கள் ஏதோ தானம் கொடுத்ததுபோல. தர்சிகா அவளுக்குப் பக்கத்தில் நடந்து போனாள்.

பின்னேரம் 3.30, பண்டத்தரிப்புச் சந்தி.

மச்சாள் முருங்கைக்காய்க் கறியோடு சோறு தந்தாள். தம்பிக்கு வாயெல்லாம் சிரிப்பு. காலையில் ஊரோடு ஒத்துப் போகச் சொன்னவன், தனக்கு அப்போதே தெரியும் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். கீர்த்தனா என்னை வழியனுப்பச் சந்திவரை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். நான் வெற்றி மயக்கத்தில் தலைகால் தெரியாமல் இருந்தேன். இனி எந்த ரீச்சரும் இந்தப் பிழையை விட மாட்டார்கள் என்று அளந்துகொண்டு வந்தேன்.

அவள் கேட்டுக்கொண்டு வந்தாள். பிறகு, "மாமி, நீங்கள் படிப்பிக்கேக்கை உந்தக் கேள்வி வாறதோ?" என்றாள்.

வாறது என்றேன்.

"நீங்கள் என்னெண்டு திருத்தினனீங்கள்?"

பொய் சொல்லியிருக்கலாம். நாலு மணித்தியாலம் நியாயம் கதைத்த வாயால் உடனே பொய் வரவில்லை. வடக்கு என்றுதான் திருத்தினேன் என்றேன். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் சரிந்த பூமியைக் கீறி, கடகக்கோடும் மகரக்கோடும் போட்டேன். மற்றத் தவணையில், நண்பகல் நிழலால் திசையறிவது எப்படி என்று குறிப்புக் கொடுத்தேன், நிழல் வடக்கே விழும் என்று. இரண்டும் ஒரே சூரியன் என்று இருபத்தொன்பது வருடம் எனக்குத் தோன்றவில்லை. மூன்று நாளைக்கு முன்னர் இவள் தொலைபேசியில் சொல்லும்போதுதான் தோன்றியது. அந்த வெட்கத்தை மூடத்தான் அவ்வளவு சத்தம் போட்டேனோ என்னவோ.

அவள் சிரிக்கவில்லை. "ஆராவது தெற்கெண்டு எழுதினவையோ?" என்று கேட்டாள்.

பஸ் வந்துவிட்டது. எனக்குத் தெரியாது, நினைவில்லை என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

மாலை 7.10, வவுனியாவுக்குக் கிட்ட.

நினைவு இருக்கிறது. ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். "மழைக்காலத்தில் வடக்கு, வெயில்காலத்தில் தெற்கு" என்று. நான் குறுக்கே வெட்டி, "வகுப்பில் கவனம் இல்லை" என்று சிவப்பில் எழுதிக் கொடுத்தேன். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். என்னோடு வாதாடவில்லை. தாளை மடித்துக்கொண்டு போய்த் தன் இடத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவள் கை உயர்த்திக் கேள்வி கேட்டதாய் எனக்கு ஞாபகமே இல்லை.

வவுனியா யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே, இன்னும் ஒரு பாகை கீழே. அங்கேயும் இந்த ஆடியில் நிழல் தெற்கேதான் விழும். அந்தப் பிள்ளைக்காகப் பஸ் ஏறி வந்து என்னோடு சண்டை பிடிக்க ஒருவரும் வரவில்லை. பஸ் ஓமந்தையைத் தாண்டும்வரை அவளுடைய பெயரை யோசித்துப் பார்த்தேன். வரவில்லை.